கூட்ஸ் கோச்சிக்கு நான் பார்த்த நல்ல நேரம்

மூன்று கிழமையாக விடிய ஐந்து மணிக்கு நான் ட்ரக்டர் ஓட்டுகிறேன்.

ஆம், நானேதான். முரசுமோட்டையில் அரிசி மில் வைத்திருக்கிற, அறுபது தாண்டிய மனிதன். பின்னால் டிரெயிலரில் முப்பது பெண்கள். சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் கேட்கிறார்களாம் — "முதலாளிக்கு என்ன நடந்தது? மில் படுத்துப்போச்சோ?"

மில் படுக்கவில்லை. படுத்தது நான் போட்ட ஒரு திட்டம்.

பத்திரிகையின் இந்த மூலையை வாராவாரம் வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். காடு வெட்டினேன், வயல் ஆக்கினேன், மில் போட்டேன். வட்டக்கச்சியில் இருந்து ஆனையிறவு வரைக்கும் என் மில் அரிசி போகாத குசினி இல்லை. அப்படிப்பட்டவனிடம் ஆட்கள் உதவி கேட்டு வராமல் வேறு யாரிடம் போவார்கள்?

அப்படித்தான் வள்ளியம்மை வந்தாள். மலைநாட்டுத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள், எழுபத்தேழுக் கலவரத்தோடு இங்கே வந்து பரந்தன் பக்கம் குடிசை போட்டவள். இப்போது ஆனையிறவு உப்பளத்தில் உப்பு வாருகிறாள். அவளோடு இன்னும் இருபத்தொன்பது பேர்.

"ஐயா, தெனம் காலையில தண்டவாளத்து ஓரமா நடந்து போறோம்ங்க. ஆறு மணிக்கு கூட்ஸு எங்கள தாண்டிப் போகுது. உப்பு ஏத்தப் போற காலிப் பொட்டிங்க. கார்டு ஐயா கை காட்டுறாரு. நாங்களும் கை காட்டுறோம்."

"அதுக்கு?"

"கை காட்டுறதுக்குப் பதிலா எங்கள ஏத்திக்கிட்டா என்னங்க?"

யோசித்துப் பார்த்தேன். தண்டவாளம் இருக்கிறது. கோச்சி இருக்கிறது. வெறும் பெட்டியும் போகிறது. ஆட்கள் ஏற ஒரு பெட்டியைக் கொழுவினால் போதும். இது ஏன் படித்தவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை?

முதல் பஸ் வரும்போது உப்பளத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்துவிடும். பிந்தினால் அரை நாள் சம்பளம். 'அரைப் பேரு' என்பாள் அவள். மூன்று நாள் பிந்தினால் பெயரையே வெட்டிவிடுவோம் என்று மேற்பார்வையாளர் புதிதாகச் சொல்லியிருக்கிறாராம். இரண்டு பேருக்கு ஏற்கெனவே இரண்டு நாள் ஆகிவிட்டது.

"நீர் போம் வள்ளியம்மை. இனி இது என்ர அலுவல்" என்றேன்.

அங்கேதான் பிழை தொடங்கியது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சின்னத்துரை மாஸ்டர் எழுத, நான் பக்கத்தில் கதிரை போட்டிருந்து சொல்ல, மனு கொழும்புக்குப் போனது. பதிலும் வந்தது! திங்கட்கிழமை காலை ஆறு மணிக் கூட்ஸிலேயே ஓர் அதிகாரி வருவாராம். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று நேரில் பார்ப்பாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. கொழும்பில் இருந்து வருகிற அதிகாரி ஒருவர் கூட்ஸ் பெட்டியில் இருந்து உப்பு மூட்டை மாதிரி இறங்குவதா? அதுவும் விடியற்காலையில்? சரி, ஆறு மணிக்கே வரட்டும். மாலை போட்டு, சோடா கொடுத்து, நான் பேசத் தொடங்க ஏழரை ஆகிவிடும். திங்கட்கிழமை ஏழரைக்கு என்ன? ராகுகாலம்!

ராகுகாலத்தில் தொடங்கிய கோச்சி எந்த ஊருக்குப் போய்ச் சேரும்?

உடனே மறுமடல் போட்டேன். காரில் வாருங்கள், பத்து மணிக்கு வாருங்கள், நேரம் நல்லது. பிறகு ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினேன் — எல்லோரும் வெள்ளை வேட்டியோடு வரவேண்டும், வன்னியான் காட்டுக்குள் கிடக்கிறவன் என்று கொழும்பு நினைக்கக்கூடாது.

சனம் என் சொல்லைத் தட்டியதே இல்லை. பரந்தன் ரயில் கேற்றடியில் கால் வைக்க இடமில்லை. கழுவித் துடைத்த ட்ரக்டர்கள், லான்ட்மாஸ்டர்கள், புது ஜப்பான் மோட்டார்சைக்கிள்கள். என் ட்ரக்டருக்கு வாழைக்குட்டியே கட்டியிருந்தேன். மேளமும் பிடித்திருந்தேன்.

பத்து மணிக்கு அதிகாரி காரில் வந்து இறங்கினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வரிசையைப் பார்த்தார்.

"இவ்வளவு பேரும் எப்பிடி வந்தவை?"

"எல்லாம் சொந்த வாகனம், ஐயா!"

"ஒருத்தரும் பஸ்ஸிலை வரேல்லையோ?"

"பஸ்ஸோ? எங்களுக்கென்ன குறை?"

எழுதினார்.

"அப்ப உங்களுக்குக் கோச்சி ஏன்?"

"இருந்தால் ஊருக்கு வடிவுதானே, ஐயா!"

அதையும் எழுதினார்.

வள்ளியம்மையும் மற்றவர்களும் எங்கே என்று கேட்கிறீர்களா? எங்கே இருப்பார்கள்... ஐந்து மணிக்கே நடக்கத் தொடங்கி, பத்து மணிக்கு முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்றார்கள். கூட்ஸில் வந்திருந்தால் அதிகாரி வழி நெடுக அவர்களைக் கண்டிருப்பார். அவர்கள் கதையை நான் சொல்லத்தான் நினைத்திருந்தேன். மாலை போடுகிற அவசரத்தில்...

கடிதம் வந்தது. மாஸ்டர் வாசித்தார். "இப்பகுதி மக்களிடம் போதிய வாகன வசதி இருப்பது நேரில் அவதானிக்கப்பட்டது. ஆகவே பயணிகள் பெட்டி இணைக்கும் அவசியம் தற்போது இல்லை."

"அண்ணை, இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மில்லிலை கொழுவுங்கோ. நல்ல சேட்டிபிக்கற்" என்றார் மாஸ்டர்.

என் மனைவி அடுப்படியில் நின்றபடியே கேட்டாள், "மேளம் பிடிச்சியள், மாலை பிடிச்சியள்... கோச்சியிலை ஏறுற ஆக்களைப் பிடிச்சியளோ?"

மில்லுக்குப் போய்விட்டேன். அங்கே வள்ளியம்மை நின்றாள். கடிதத்தை மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். பிறகு சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. தலைச்சுமாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"எங்கள்ல ரெண்டு பேருக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. அது தெரியுமுங்களா?"

"தெரியும்."

"வாகனம் நெறைய இருக்குன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருச்சு. அப்படித்தானுங்களே?"

"ஓம்..."

"அப்ப நாளைக்குக் காலையில அதுல ஒண்ணக் கொண்டாங்கய்யா. அஞ்சரைக்கு ரயில் கேட்டுகிட்ட நிப்போம்."

என் ட்ரைவர் எட்டு மணிக்கு முன் எழும்பாத மனிதர். ஆகவே நான்.

ஒன்று சொல்கிறேன். ஊருக்கு உதவி செய்ய ஓடுகிற என்னைப் போன்ற பெரிய மனிதர்கள் ஊரைக் கூட்டுவோம், மேடை போடுவோம். யாருக்கு உதவியோ, அவர் எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்க்கமாட்டோம். ட்ரக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கூட்ஸ் முந்திப்போவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இது விளங்கியது. கார்ட் இப்போது எனக்கும் கை காட்டுகிறார்.

இரண்டாவது மனு வள்ளியம்மை சொல்லச் சொல்ல மாஸ்டர் எழுதியது. நான் வாய் திறக்கவில்லை. "வாகனம் இருக்குது. அது மில் ஐயாவோட டிராக்டரு. காலபோக உழவு வந்தா அது வயலுக்குப் போயிரும். நாங்க மறுபடி நடப்போம்." முப்பது பேரும் பெருவிரல் வைத்தார்கள்.

நேற்றுத் தந்தி வந்தது. அதே அதிகாரி. திங்கட்கிழமை, காலை ஆறு மணிக் கூட்ஸ்.

"அன்னிக்கு நீங்க வண்டியக் கொண்டாந்துறாதீங்க, ஐயா. நாங்க ரயில் கேட்டுகிட்டயே நிப்போம்" என்றாள் வள்ளியம்மை.

"அவர் ஏத்தாட்டில்? பிந்திப்போகுமெல்லோ?"

"அந்த ரெண்டு பேர முன்னாடியே நடக்கவிட்டுருவோம். மத்தவங்களுக்கு அரைப் பேரு போனா போகட்டும்ங்க. மேளமும் வேணாம்."

சம்மதித்துவிட்டேன். இந்த முறை ராகுகாலம்கூட நான் பார்க்கவில்லை.

சரி... பார்த்தேன். ஆனால் ஒருவருக்கும் சொல்லவில்லை.