கிளிக் பந்தல்

சுருளிப்பட்டி சாலையோரத் திராட்சைப் பந்தலுக்குள் நிற்கிறேன். படம் எடுக்க வந்த ஒரு புது ஜோடி குலைக்குக் கீழே கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கிறது. தோட்டக்காரர் பாண்டியம்மாள் மருந்தடிக்கும் ஸ்பிரேயரால் முன்வரிசைக் குலைகளுக்கு வெறும் தண்ணீர் அடிக்கிறார். படத்தில் அது பனித்துளியாம்.

கேமராவின் ‘கிளிக்’ சத்தம் இந்தப் பக்கத்துப் பேச்சில் சகல வேலையும் பார்க்கிறது. வியாபாரம் நடந்தால் கிளிக் ஆயிருச்சு. வரன் அமையாவிட்டால் கிளிக் ஆகல. கிளிக் ஆகாமல் போகுமே தவிர, யாரும் தோற்பதே இல்லை.

“மழையில பழம் வெடிச்சிருச்சு, யாவாரிக எட்டிப் பாக்கல. இந்த வருசம் திராட்சை கிளிக் ஆகல சார்,” என்கிறார் பாண்டியம்மாள். “படம் எடுக்க வாராகல்ல, அவுக நம்மகிட்ட வாங்கிக் குடிக்கிற ஜூஸ்லதான் அடுப்பு எரியுது.”

“முன்வரிசை மட்டும் நல்லா இருக்கே?”

“அதுக்கு மட்டுந்தான தார்ப்பாய் போட்டேன்.”

“அறுத்து விக்கலாமே?”

“அறுத்துட்டா எதைப் பாக்க வருவாக?”

இந்தக் கூத்தையெல்லாம் கிண்டலடித்து எழுதப் போகிற நானும் கைபேசியை அவரிடம் நீட்டிவிட்டு, பளபளக்கும் குலை ஒன்றைப் பிடித்துச் சிரிக்கிறேன்.

“பறிச்சிறாதீக,” என்கிறார். “பறிக்கிற மாதிரி நில்லுங்க.”