அடி தனி

சர்ச் கமிட்டியில் இன்றும் சிலர், முத்துவீரன் மிஸ்திரி அளவைத் தப்பாக எடுத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முத்துவீரன் என் தம்பி. அவன் அளவெடுத்ததில் தப்பில்லை. அவனுக்கு வந்த செய்தியைத் தப்பாகப் படித்துச் சொன்னவள் நான். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்டுத் தலையாட்டிவிட்டு மறுபடியும் பழையபடியேதான் பேசுகிறார்கள். அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நாங்கள் கட்சால் தீவில் பிறந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். நான் எட்டாவது வரை தமிழில் படித்தேன். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேயர் வந்தபோது தம்பிக்குப் பன்னிரண்டு வயது. இங்கே அவனை ஹிந்தி மீடியத்தில் சேர்த்தார்கள். தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கச் சொன்னால் எழுத்தெழுத்தாகக் கூட்டுவான். அதனால் தமிழில் எது வந்தாலும் போனை என்னிடம் நீட்டிவிடுவான்.

மர வேலையில் அவனைப் போல நிதானமான ஆளை நான் பார்த்ததில்லை. டேப்பின் முனையில் இருக்கும் கொக்கி ஆடும் என்று அதை நம்பமாட்டான். பத்து அங்குலக் கோட்டிலிருந்து அளந்து, பிறகு பத்தைக் கழிப்பான். கழித்த அளவை ஒரு குச்சியில் கோடு போட்டு, அந்தக் குச்சியை இடத்தில் நிறுத்திப் பார்ப்பான். மற்றவர்கள் இரண்டு கதவு போடும் நேரத்தில் இவன் ஒன்று போடுவான். அந்த ஒன்று எட்டு மாத மழையிலும் இறுகாது. சர்ச்சின் முன்கதவை அப்படி அவன் சரிசெய்து கொடுத்ததைப் பார்த்துத்தான் பாதர் அவனைப் பரண் வேலைக்குக் கூப்பிட்டார்.

சர்ச்சுக்குப் புதிதாகப் பைப் ஆர்கன் வாங்குவது என்று முடிவாகியிருந்தது. ஒரு பெட்டியில் காற்றை நிரப்பி, அதன் மேல் குழாய்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் காற்று குழாய்க்குள் போய் ஊதும். முடிவாவதற்கே ஒரு வருஷம் போனது. கரண்ட் கீபோர்டு போதாதா என்று ஒரு கூட்டம், எங்கே வைப்பது என்று மூன்று கூட்டம். கமிட்டிச் செயலாளர் டோப்போ ராஞ்சிக்காரர், நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் இன்றைக்குச் செய்யமாட்டார். கடைசியில் மெயின்லேண்டில் ஒரு பட்டறைக்கு ஆர்டர் கொடுத்தார்கள். நூற்று அறுபத்திரண்டு குழாய். வாசலுக்கு மேலே, இங்கே விளையும் சிவப்புப் படாக் மரத்தில் பரண் கட்டி அதில் நிறுத்துவது என்று ஏற்பாடு. கீழே எட்டரை அடி விட வேண்டும், சிலுவை தூக்கி வருகிறவர் குனியக்கூடாது என்று டோப்போ சொல்லியிருந்தார். மேலே பழைய குறுக்கு உத்தரம். அதைத் தொட முடியாது, கூரையே அதில்தான் நிற்கிறது.

பட்டறைக்காரர்கள் வரைபடம் அனுப்பியிருந்தார்கள். அது டோப்போவின் போனில் இருந்தது. தம்பி நான்கு முறை போய்க் கேட்டான். நான்கு முறையும் "கல் தேகா" என்றார், நாளைக்குத் தருகிறேன் என்று. ஐந்தாவது முறை போக அவனுக்கே வெட்கமாகிவிட்டது. பட்டறையின் மேஸ்திரி அழகர்சாமி என்பவரின் நம்பரை வாங்கி நேரே அவரிடமே அளவு கேட்டான். அவர் மதுரைப் பக்கத்து ஆள், தமிழில் பதில் போட்டார்.

நான் சூரை மீன் அறுத்துக்கொண்டிருந்தேன். தம்பி போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான். அந்தச் செய்தி இதுதான்: "பெட்டி ஒரு அடி. பெரிய குழாய் எட்டு அடி. அடி தனி. மேலே கை நுழைய நாலு இஞ்ச்."

"அடி தனின்னா என்னாக்கா?"

"குழாயோட அடிப்பாகம் தனியா வரும்னு போட்ருக்காரு. கப்பல்ல வர்ற சாமான், கழட்டித்தான் அனுப்புவாங்க."

"வந்து எங்க உக்காரும் அது?"

"பெட்டிக்குள்ளதான், வேற எங்க?"

"அப்ப எட்டடியில அது சேந்ததா, சேராததா? இன்னொரு தடவ அவருகிட்ட கேட்டுர்றேன்."

"ஒரு வரிக்கு எத்தன தடவ கேப்ப? இவன் என்னா மிஸ்திரின்னு நினைக்கமாட்டாரா? எனக்குத் தமிழ் தெரியாதா?"

கேட்காமல் விட்டான். பெட்டி ஒன்று, குழாய் எட்டு, கை நுழைய நான்கு அங்குலம், ஆக ஒன்பது அடி நான்கு அங்குலம். குச்சியில் கோடு போட்டு, உத்தரத்திலிருந்து கீழே அதே அளவு விட்டுப் பரணின் தளத்தைப் போட்டான். மூன்று மாத வேலை. ஆணியே இல்லாமல் மர முளை அடித்துச் சேர்த்தது. நிலநடுக்கம் வந்தால் அசையாதபடி நான்கு மூலையிலும் போல்ட்டு. நான் ஏறி நடந்து பார்த்தேன், ஒரு பலகைகூட முனகவில்லை.

சாமான் வர வேண்டிய கப்பல் இரண்டு முறை தள்ளிப்போனது. அழகர்சாமி வந்து இறங்கியும் நான்கு நாள் பெட்டிகள் கப்பல் நிற்கும் ஜெட்டியிலேயே கிடந்தன, பேப்பர் சரியில்லை என்று. திரும்பிப் போக அவருக்குச் சனிக்கிழமை கப்பலில் டிக்கெட். பெட்டிகள் சர்ச்சுக்கு வந்து சேர்ந்தது திங்கட்கிழமை.

புதன் மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது பெரிய குழாயைப் பரணில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். குழாய் சாய்ந்தே நின்றது, நிமிரவில்லை. நுனி உத்தரத்தில் இடித்தது.

அழகர்சாமி கீழே குனிந்து பார்த்தார், மேலே பார்த்தார். "என்ன தம்பி, அடியைச் சேக்கலையா நீங்க?"

"அடி தனின்னு போட்டிருந்தீங்களே."

"அதத்தான தம்பி சொன்னேன். எட்டடிங்கிறது ஊதுற நீளம். அடி அதுக்கு மேல ஒம்போது இஞ்ச் தனி. ஆட்டோக்காரன் வெயிட்டிங் தனின்னு சொன்னா, அத இன்னொரு ஆட்டோவுலயா அனுப்புவான்?"

தம்பி என் பக்கம் திரும்பவில்லை. குழாயை மெதுவாகப் படுக்க வைத்தான். அளந்து பார்த்ததில் முதல் இரண்டு குழாய்களுக்குத்தான் இடமில்லை. மூன்றாவதிலிருந்து குட்டை, அவை நின்றுவிடும். ஆனால் அந்த இரண்டு இல்லாவிட்டால் ஆர்கனுக்கு அடிக்குரலே கிடையாது என்றார் அழகர்சாமி.

டோப்போ வந்தார். அளவு தப்பா என்று ஹிந்தியில் கேட்டார். "ஹாங், மேரி கல்தி" என்றான் தம்பி. ஆமாம், என் தப்பு என்று.

"அவன் தப்பில்ல, நான்தான் படிச்சிச் சொன்னேன்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்.

"தீதி, பரண் கட்டினது நீங்களா?" என்றார் டோப்போ. தீதி என்றால் அக்கா.

அவர் போனில் மாதக்கணக்காகக் கிடந்த வரைபடத்தைப் பற்றி அப்போது நான் கேட்டிருக்க வேண்டும்.

சாயங்காலமே கமிட்டி கூடியது. பரணைப் பிரித்துவிட்டு கான்ட்ராக்டரை வைத்து கான்கிரீட்டில் கட்டலாம் என்று பேச்சு. கூட்டம் கூட்டி முடிவெடுக்க ஒரு வருஷம் பிடிக்கிறவர்கள், பிரிப்பதற்கு மட்டும் அரை மணி நேரத்தில் ஒத்துக்கொண்டார்கள். அழகர்சாமி வேறு வழி சொன்னார். குழாயை மேலே வெட்டி மடக்கி ஒட்டிவிடலாம், சத்தம் கொஞ்சம் மாறும், பெரிதாகத் தெரியாது என்று. தம்பி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "பரண் தப்புக்குக் குழாய எதுக்கு வெட்டணும்? சனிக்கிழமைக்குள்ள பரணச் சரிபண்றேன்" என்றான். பாதர் சரி என்றார். முடியாவிட்டால் திங்கட்கிழமை பிரிப்பது என்று டோப்போ எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி என்னைத்தான் பிடித்தான்.

"அங்க எதுக்குக்கா வாயைத் திறந்த?"

"உண்மையத்தானடா சொன்னேன்."

"தப்பா அளந்தான்னு சொன்னா, அடுத்த தடவ சரியா அளப்பான்னு வேல குடுப்பாங்க. அக்கா படிச்சிச் சொன்னாதான் இவனுக்குத் தெரியும்னு ஆயிட்டா எவன் குடுப்பான்?"

அவன் சொன்னது நியாயமா என்று எனக்கு இப்போதும் புரியவில்லை. இதை எழுதுவது தெரிந்தால் கோபப்படுவான். படட்டும்.

வியாழனும் வெள்ளியும் வேலை செய்தான். பரணின் இடது மூலையில், வாசலுக்கு நேராக வராத இடத்தில், அந்த இரண்டு குழாயும் அவற்றின் காற்றுப் பெட்டியும் நிற்கும்படி தளத்தை வெட்டிக் குழி மாதிரி ஒன்பது அங்குலம் இறக்கினான். மூன்று குறுக்குச் சட்டங்களை வெட்டி, வெட்டிய முனைகளைச் சுற்றி நான்கு பக்கமும் புதுச் சட்டம் கொடுத்து, கீழே ஒரு தொட்டி போலத் தொங்கவிட்டான். வியாழன் முழுக்கக் கரண்ட் இல்லை, எல்லாம் கை ரம்பம்தான். இந்த முறை அளவுக்குக் குச்சி வைக்கவில்லை. பெரிய குழாயையே அழகர்சாமியும் அவனுமாகத் தூக்கி வந்து நிறுத்திப் பார்த்தார்கள். அவர் பாதி நேரம் தன் வேலையை விட்டுவிட்டு இவனுக்குப் பலகை பிடித்தார்.

"மெயின்லேண்டு வந்துருங்க தம்பி. இந்தக் கைக்கு இங்க என்ன வேல?" என்றார்.

"அங்க வந்தா உங்க தமிழ யாரு எனக்குப் படிச்சுச் சொல்றது?" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளி சாயங்காலம் குழாய் நிமிர்ந்து நின்றது. உத்தரத்துக்கும் நுனிக்கும் நடுவே என் கை நுழைந்தது. அழகர்சாமி இடது ஓரத்துக் கடைசிக் கட்டையை அழுத்தினார். அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது, கால் வழியாக ஏறி வயிற்றில் நின்றது. தம்பி பரணுக்கு அடியில் நின்று வெட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்திருந்தான். "இன்னொருக்கா அழுத்துங்க" என்றான். மூன்று முறை அழுத்தச் சொல்லிவிட்டு, "எதுவும் ஆடல" என்று கையை எடுத்தான்.

டோப்போ அண்ணாந்து பார்த்து, இது என்ன தொங்குகிறது என்று கேட்டார்.

"குழாயோட அடி" என்றான் தம்பி.

"அசிங்கமா இருக்கே."

"ஆனா நிக்குதுல்ல."

பரணைப் பிரிப்பது இல்லை என்று கமிட்டி எழுதியது. அதே தாளில், பாதர் சரி சொல்லியிருந்தும், அனுமதி இல்லாமல் செய்த மாற்றம் என்றும், தொங்கும் பகுதி கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றும் எழுதியது. புதுப் பெஞ்சு வேலையைத் தம்பிக்குத் தருவதாகத்தான் முன்னால் பேச்சு. அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். "அளவு விஷயம், தீதி" என்றார் டோப்போ, நான் கேட்டபோது.

ஆர்கன் வாசிக்க ஆரம்பித்து இரண்டு மாதமாகிறது. போன வாரம் டோப்போ ஒரு டப்பா பெயிண்டும் பிரஷும் வாங்கி வந்து எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவர் இவ்வளவு சீக்கிரம் செய்து நான் பார்த்த ஒரே காரியம் அதுதான். படாக் மரத்துக்குப் பெயிண்ட் அடிக்கமாட்டேன் என்கிறான் தம்பி. அடித்தால்தான் பரண் கூலிக் கணக்கு முடியும் என்கிறார் டோப்போ. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்கன் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது. அடிக்குரல் வரும்போது தம்பி கையில் இருப்பதை அப்படியே நிறுத்திக் கேட்பான். முடிந்ததும் வேலையைத் தொடர்வான். டப்பாவை அவன் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை, என்னையும் எடுக்க விடவில்லை.