கயிற்றின் மேல்தோல்

மஞ்சக்குட்டை எஸ்டேட் தொழிலாளி அம்மாசியின் மகள் கவியாவிடம், சேலத்தில் என்ன ஆராய்ச்சி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"ரெண்டு பிளாஸ்டிக்க உருக்கிக் கலந்தா, எது மேல்தோலுக்கு வரும், எது உள்ள பதுங்கும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடறனுங்க."

"ரசத்துல எண்ண மேல வருதே, அதுக்கொரு கணக்கா?" என்று பக்கத்து வீட்டுக் கண்ணாயி கிண்டலடிப்பாள்.

ஆனால் அந்தக் கணக்குப் பலித்தது. பிடிப்புத் தரும் பிளாஸ்டிக் தானாகவே வெளியே வரும் என்றாள் கவியா, வந்தது. அந்தக் கலவையில் ஆய்வகத்தில் திரித்த கயிற்றில் ஒரு சுருளை, மிளகுப் பருவத்துக்கென்று அப்பாவிடம் கொடுத்தாள். ஒற்றை மூங்கில் ஏணியை, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டத்தான்.

மார்கழிப் பனி வாசலை மூடியிருந்த காலையில், இரவெல்லாம் வெளியே கிடந்த கயிற்றுத் துண்டொன்றை அவள் எடுத்தாள். விரல் வழுக்கியது. வெண்டைக்காய்க் கொழகொழப்பு!

கணக்கில் கயிற்றுக்கு வெளியே இருப்பது காற்று என்றல்லவா எழுதியிருந்தாள்? சேலத்து வெயிலில் அது சரி. இங்கே மலைப்பனியில் வெளியே இருப்பது தண்ணீர். தண்ணீரைக் கண்டால் உள்ளே பதுங்கிய பிளாஸ்டிக் மேலே வரும். பிடிப்புத் தருவது உள்ளே போய்விடும். இந்த மலையிலேயே பிறந்தவள் பனியை மறந்திருக்கிறாள்!

"அம்மா, அப்பா எங்க?"

"மொளகு பறிக்கப் போயிட்டாரு. உன்ற கயித்தத்தான் பெருமையாத் தோள்ல போட்டுட்டுப் போனாரு" என்றாள் தங்கம்மா.

கவியா ஓடினாள். காப்பிச் செடிகள் முகத்தில் அறைந்தன. பனிக்குள் ஒவ்வொரு மரமும் அப்பாவைப் போலவே நின்று ஏமாற்றியது.

"அப்பா!"

"இங்கதான் சாமி!" குரல் உச்சியிலிருந்து வந்தது.

"எறங்குங்கப்பா! கயிறு வழுக்குது!"

"உன்ற கயித்து மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?" அம்மாசி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முடியுமுன் மேல்முடிச்சு நழுவியது. ஏணி பக்கவாட்டில் சாய்ந்தது. கவியா பாய்ந்து மூங்கிலை மார்போடு அணைத்து மரத்தில் அழுத்தினாள். உள்ளங்கை கிழிந்தது. கடவுளே, என் கணக்கால் என் அப்பன் சாகக் கூடாது!

"மரத்தக் கட்டிப் புடிச்சுக்கங்கப்பா... மெதுவா..."

ஒவ்வொரு கணுவாக அவர் கால் இறங்கியது. மண்ணைத் தொட்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சும் உடனே நின்றது. சுருளில் பாதியைக் காணோம்.

"மீதி எங்கப்பா?"

"கண்ணாயிக்கு வெட்டிக் குடுத்தேன், அவளும் அந்தப் பக்கம் மொளகு பறிக்கறா..."

"அக்கா!" கவியா பனியைப் பார்த்து அலறினாள். மீண்டும் அலறினாள்.

"ஏண்டி கத்தற? வெத்தல போட்டுட்டு இப்பத்தான் ஏணியத் தூக்கறேன்!" என்று பனிக்குள்ளிருந்து கண்ணாயியின் குரல் வந்தது.

அம்மாசி மகளின் விரல்களை ஏணியிலிருந்து பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் கீழே வந்து நின்ற பிறகும், அவள் அந்த ஏணியை இன்னும் தாங்கிக்கொண்டிருந்தாள்.