வெர்னாவிடம் சொல்லிவிட்டுப் போனவர்கள்

பாலைவனப் பூங்காவுக்குள் போகிற ஊர்க்காரர்கள் முதலில் வெர்னாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எந்தச் சாலை, எங்கே இறங்கி நடக்கப் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள். உள்ளே கைபேசிக்கு சிக்னல் கிடையாது. சொன்ன நேரத்துக்கு ஆள் வரவில்லையென்றால் வெர்னா பூங்காக் காவலரைக் கூப்பிடுவாள்.

பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிற பெண்ணிடம் இந்தப் பொறுப்பு எப்படி வந்து சேர்ந்தது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. அவள் அவசரப்பட்டு அழைத்ததும் இல்லை, தாமதித்ததும் இல்லை. அதைவிட முக்கியம், சொன்னதை மட்டும் சொல்வாள். தன் ஊகம் எதையும் சேர்க்க மாட்டாள். ஆளில்லாத இடத்தில் தேடினால், தேடப் போனவர்களையும் வெயில் தின்றுவிடும்.

மே மாதக் கடைசியில் அவள் தம்பி ராய்ஸ் சியாட்டிலிலிருந்து புது மனைவி செலஸ்டுடன் வந்து இறங்கினான். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தார்கள்.

"மேற்குப் பக்கம் போய் அந்தக் கல் வளைவை செலஸ்டுக்குக் காட்டணும்" என்றான் ராய்ஸ்.

"இந்த மாசத்துலயா? ஜல்லி ரோடு முழுக்கக் கத்தி மாதிரி கல்லு. வழியில ஒரு மர நிழல் கிடையாது. வடக்கால தார் ரோட்டுல போ. மணல்மேட்டைப் பாரு, மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள வீட்டுக்கு வந்து சேரு."

"மணல்மேடா? அதைப் பார்க்க பஸ்லயே கூட்டிட்டுப் போவாங்களே. வெர்னா, நான் இங்கேயே பொறந்து வளர்ந்தவன்."

"பொறந்தவன் கதையெல்லாம் வெயிலுக்குத் தெரியாதுடா."

செலஸ்ட் சிரித்தாள். "நீங்க ரெண்டு பேரும் சின்ன வயசுலயும் இப்படித்தானா?"

"இதைவிட மோசம். என்னைத் தட்டுல இருக்கிற பீன்ஸ் மொத்தமும் தின்ன வெச்சுட்டுத்தான் எழுந்திரிக்க விடுவா" என்ற ராய்ஸ், வரைபடத்தை மடித்தான். "சரி, விடு. நீ சொன்ன மாதிரியே வடக்கால போறோம்."

வெர்னாவுக்கு நிம்மதியாக இருந்தது. மற்றவர்கள் அப்படித்தான் ஒத்துக்கொள்வார்கள், அதன்படியே போய்வருவார்கள். சிறுவயது முதல் தன் பேச்சுக்கு ஒருமுறைகூடச் சண்டை போடாமல் மடங்காதவன் இவன் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடிகாலையில் ஜீப்பில் போனார்கள். இரண்டு மணி ஆயிற்று. ஜீப் வரவில்லை. வாசலில் நின்றவளுக்குத் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளிவது மட்டும் தெரிந்தது. காவலர் ஆர்ட்டேகாவை அழைத்தாள். அவள் குரல் வழக்கம்போலவே இருந்தது.

"தெற்கே ஒருத்தர் பாறையிலேர்ந்து விழுந்துட்டாரு. எல்லா வண்டியும் அங்கதான் இருக்கு. கையில ஒண்ணுதான் மிச்சம்" என்றார் ஆர்ட்டேகா. "எந்த ரோடு, வெர்னா?"

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது பக்கத்து வீட்டு டுவேன் வேலியோரம் வந்து நின்றான். "இன்னும் வரலையா? காலையில என் ஜீப் ஸ்டெப்னியையும் கேட்டு வாங்கிட்டுப் போனானே."

ராய்ஸின் வண்டியில் ஏற்கெனவே ஒரு ஸ்டெப்னி இருந்தது. தார்ச்சாலைக்கு இந்த ஊரில் யாரும் இரண்டு கொண்டுபோவதில்லை.

"நீ மிரட்டின மிரட்டுல பயந்து எடுத்துட்டுப் போயிருப்பான்" என்றான் டுவேன்.

இருக்கலாம். நீ சொன்ன மாதிரியே என்று தம்பி வாய்விட்டுச் சொல்லியிருந்தான். அதைத்தான் அவள் சொல்ல வேண்டும். அவன் வடக்கே இருந்து, இவள் வண்டியை மேற்கே அனுப்பினால், இருட்டுவதற்குள் அது திரும்பி வராது. செலஸ்டுக்குப் பாலைவனமே புதிது. ஆனால் ராய்ஸ் எப்போது இவ்வளவு சுலபமாகச் சரி சொல்லியிருக்கிறான்?

"வெர்னா? லைன்ல இருக்கீங்களா?"

"மேற்கு. கல் வளைவுக்குப் போற ஜல்லி ரோடு."

"அங்க போறதா சொன்னாங்களா?"

"இல்ல. வடக்குன்னுதான் சொன்னான்."

"நீங்க இப்படிச் சொல்றது இதுதான் முதல் தடவை."

"தெரியும். வண்டியை அனுப்புங்க."

தொலைபேசியை விட்டு அவள் நகரவில்லை. டுவேன் கொண்டுவந்த தண்ணீரைத் தொடவில்லை. வெயில் சரிந்து சமையலறைச் சுவரில் ஏறியபோது மணி அடித்தது.

"கிடைச்சுட்டாங்க" என்றார் ஆர்ட்டேகா. "நாலு டயர்ல மூணு கிழிஞ்சிருக்கு. ஜீப்புக்கு அடியில நிழல்ல படுத்திருந்தாங்க. தண்ணி தீர்ந்துபோச்சு. அந்தப் பொண்ணுக்கு மட்டும் நரம்புல மருந்து ஏத்தறோம். பிழைச்சுக்கும்."

பின்னால் ராய்ஸின் குரல் கேட்டது. பிறகு செலஸ்ட் பேசினாள், வறண்ட நாக்கால் மெதுவாக. "நீங்க சொன்ன வழியிலதான் போயிட்டிருக்கோம்னு நான் நினைச்சுட்டிருந்தேன். வண்டி நின்னப்புறம்தான் சொன்னாரு."

வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். தம்பியைத் திட்ட வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. "போனை அவன்கிட்ட கொடு."

"வெர்னா..." என்றான் ராய்ஸ்.

"அவ கையைப் பிடிச்சுக்கோ. ஊர் வர வரைக்கும் விடாதே."

அதன் பிறகும் ஊர்க்காரர்கள் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அவள் சொன்னதற்கு யாராவது சட்டென்று சரி என்றால், இன்னொரு கோப்பை காபி ஊற்றிவைத்துவிட்டு எதிரே உட்காருகிறாள். "அது இருக்கட்டும். உனக்கு எங்க போகணும்னு ஆசை? அதைச் சொல்லு முதல்ல."