ஏட்டில் இருந்த முக்காலி

புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த மறுவருடம், முன்பு எல்லைச் சாவடியில் பறித்து வைத்த பொருட்களை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டியலைத் தமிழில் எழுதுவது என் வேலை. ஒரு போட்டோக்காரரின் பொருட்களில் 'த்ரேபியே' என்று இருந்தது. மூன்று கால் உள்ளது என்று பொருள். பொருளைப் பார்க்காமலே 'முக்காலி' என்று எழுதினேன். கிடங்கில் அவருக்கு முக்காலி என்று உட்காரும் ஸ்டூல் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள்.

"என்னுது கேமரா ஸ்டாண்டும்மா" என்று வந்து நின்றார்.

எனக்குத் தலைக்குமேல் வேலை. "முக்காலின்னு இருக்கு, முக்காலி குடுத்தாச்சு. போங்க" என்றேன். மறுவாரமும் அதையே சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் முறை அந்த ஸ்டூலைத் தூக்கி வந்து என் மேசைமேல் கவிழ்த்தார். "எண்ணிப் பாருங்கம்மா. இதுக்கு நாலு காலு இருக்குது."

அலுவலகமே சிரித்தது. எரிச்சலோடு பிரெஞ்சுப் பட்டியலைப் புரட்டியபோதுதான், 'த்ரேபியே' கேமரா ஸ்டாண்டையும் குறிக்கும், தவறு என்னுடையது என்று புரிந்தது. கிடங்குக்கு ஓடினேன். யாரும் கேட்டு வராத சாமான்களோடு ஸ்டாண்டை முந்தாநாள் ஏலம் விட்டிருந்தார்கள்.

"மொத நாளே பாத்திருந்தா கெடச்சிருக்குமேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஸ்டாண்ட் பத்திரமாகக் கிடங்கில் கிடந்தபோதே அவரை இரண்டு முறை விரட்டினேனே, அதுதான் இன்றும் ஆறவில்லை.