இரண்டு வலது கைப்பிடிகள்

சுருள்காரர் என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்கள். இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, நத்தை ஓடுபோலச் சுருட்டி, நாற்காலி செய்கிறவர். இருபத்தொன்பது ஆண்டுகளில் அவர் பட்டறையிலிருந்து வெளியே போனவை நானூற்றுப் பன்னிரண்டு. பின்கட்டிலிருந்த அவர் வீட்டுக்குள் போனது ஒன்றுகூட இல்லை. மனைவிக்கு வாய்த்தது கால் விரிந்த பிளாஸ்டிக் நாற்காலி.

ஒரு திங்கட்கிழமை அதுவும் படாரென்று ஒடிந்தது. தரையிலிருந்தபடியே மனைவி சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை பதினோரு மணி வரைக்கும்தான் டைம். இல்லேன்னா எங்க அண்ணன் கடையில வாங்கிக்கறேன்."

அண்ணன் மூன்று கடை தள்ளி, ஆலையில் செய்த ஸ்டீல் நாற்காலி விற்கிறவர். அது தன் வீட்டுக்குள் நுழைந்தால் சுருள்காரர் தெருவில் தலைகாட்ட முடியாது. அன்றே உலையை மூட்டினார்.

மச்சான் தினமும் வந்து பார்த்தார். "மாப்ளே, உங்களுக்குன்னே ஒண்ணு துடைச்சு வச்சிருக்கேன். குஷன் வேற இருக்கு."

"நீங்களே வச்சுக்குங்க மச்சான். ஈ ஓட்டும்போது உக்கார சுகமா இருக்கும்."

சனிக்கிழமை மாலை ரிவிட் அடித்து, அரம் போட்டு, சூட்டோடு மெழுகும் பூசியாயிற்று. ஞாயிறு காலை பத்தரைக்கு, வெளிச்சத்தில் வைத்துத் துடைத்தபோதுதான் தவறு கண்ணில் பட்டது. கைப்பிடியின் நுனியை இலைபோலத் தட்டி, ஒரு முகத்தில் மட்டும் நரம்பு கொத்துவது அவர் வழக்கம். நரம்பு இரண்டு கைப்பிடிகளிலும் வெளியே பார்க்க வேண்டும். இடது கைப்பிடியில் அது உள்ளே பார்த்தது. வாடிக்கைக்காரருக்கு என்றால் பலகையில் வரைந்து வைத்துக்கொண்டு கொத்துவார்; வீட்டுக்குத்தானே என்று வரையவில்லை. இரண்டுமே வலது கைப்பிடிகள்!

கழற்றி மாட்ட மூன்று மணி நேரம் வேண்டும். இருந்ததோ அரை மணி.

மச்சான் கண்ணுக்கு அது தப்புமா? "இந்த இலை எதுக்கு மாப்ளே கோவிச்சுக்கிட்டு உள்ள திரும்பிக்கிச்சு?"

மனைவி வந்து உட்கார்ந்தாள். ஆட்டம் இல்லை. சாய்ந்துகொண்டாள். இடது கை விரல்கள் தாமாக உள்ளே மடிந்து, நரம்புகளை ஒவ்வொன்றாகத் தடவின.

"செவ்வாய்க்குள்ள பிரிச்சு மாத்திடறேன்" என்றார் சுருள்காரர் மெதுவாக.

"கைய வச்சுப் பாருங்க, தெரியும் சேதி! அந்தப் பக்கத்து இலை வர்றவங்க பாக்க. இது எனக்கு."

"அப்போ நான் துடைச்சு வச்சது?" என்றார் மச்சான்.

"குஷனோட நீயே உக்காரு அண்ணே. இப்ப இதை ஒரு பக்கம் பிடி."

நானூற்றுப் பதின்மூன்றாவது நாற்காலி, பதினொன்றுக்கு ஆறு நிமிடம் இருக்கையில், வீட்டு நிலைப்படியைத் தாண்டியது. பின்கால்களைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவர் மச்சான்.