துணியில் வந்த மாமியார்

என் மருமகள் சிவகங்கைப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக வந்த காலத்தில் லைன் வேலைக்கு வந்தவள், எங்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தாள். என் மகனுக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். மணிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனாருக்கு மட்டும் ஆகவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர் கை நனைக்காமல் போனார்.

தை மாதம் எங்கள் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைப்போம். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த என் மாமியாருக்குத்தான் அந்தப் புதுப்புடவையும் படையலும். ஒவ்வொரு வருஷமும் நாத்தனார், "எங்கம்மா மூஞ்சியே மறந்துபோச்சிடி" என்று அழுவார். யார் கல்யாணத்திலோ எடுத்த கூட்டத்துப் படத்தில், ஓரமாக நகத்தளவு முகம். அவ்வளவுதான் எங்களிடம் இருந்தது.

அந்தப் படத்தை மருமகள் கேட்டு வாங்கினாள். அவளிடம் பழைய கம்ப்யூட்டரும், போனஸில் வாங்கிய பிரிண்டரும் இருந்தன. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த முகத்தை மட்டும் பெரிசாக்கினாள். வெள்ளைப் பருத்தித் துணியைத் தாள் அளவுக்கு வெட்டி, இஸ்திரி போட்டு, ஸ்டிக்கர் தாளில் சுருக்கமில்லாமல் ஒட்டி, பிரிந்த நூலையெல்லாம் நறுக்கிவிட்டு உள்ளே கொடுத்தாள். மூக்குத்தியோடு என் மாமியார் வெளியே வந்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தெருவில் ஒருத்தரையும் விடவில்லை, கூப்பிட்டுக் காட்டினேன்.

படையலன்று நாத்தனார் வந்தார். "இன்னாடி இது, துணியில பொம்ம?" என்று எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, புதுத்துணி ஆயிற்றே என்று மஞ்சளைக் குழைத்து மூலைக்கு மூலை வைத்தார். அந்த ஈரக்கையால் அம்மாவின் கன்னத்தையும் தடவினார். மை கரைந்து முகம் ஓடிவிட்டது.

"ஐயோ, எங்கம்மா போச்சே! சாயம் போற துணியக் குடுத்துக் கெடுத்துட்டாளே!"

எனக்குச் சுருக்கென்றது. மருமகளோ சிரித்தாள்.

"அழுகாதீக பெரியம்மா. அவுக கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்காக. இந்தத் தடவ மஞ்சள மொதல்ல வச்சுக் குடுங்க, பொறவு கூப்புடுவோம்."

வெறும் துணியில் நாத்தனார் மஞ்சள் வைத்தார். மாடி வெயிலில் காயும்வரை படையல் காத்திருந்தது. பிறகு பிரிண்டர் பக்கத்திலேயே அவர் சம்மணம் போட்டார். முதலில் வகிடு வந்தது, பிறகு பொட்டு, கண்.

"மெதுவா வுடுடி, எங்கம்மாக்கு வலிக்கப் போவுது!"

"வலிக்காது பெரியம்மா. ஈரக்கையால மட்டும் தொட்டுறாதீக."

"தொடல, போடி."

நாலு மூலையிலும் மஞ்சளோடு என் மாமியார் முழுசாக வந்து சேர்ந்தார். படைத்து முடித்ததும் நாத்தனார் அந்தத் துணியைக் கீழேயே வைக்கவில்லை. மருமகள் பரிமாற, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊர் திரும்ப, படப்பை போகும் ஷேர் ஆட்டோவில் அவரை நான்தான் ஏற்றிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், அவர் மடியிலிருந்த துணியை எட்டிப் பார்த்து, "எந்தக் கடையிலம்மா போட்டீங்க?" என்றாள்.

"கடையா? எங்க வூட்டு மருமவ போட்டதும்மா!" என்று நாத்தனார் அதட்டியது, ஆட்டோ கிளம்பின பிறகும் எனக்குக் கேட்டது.